நம்மை நாம் காணும் கண்

(கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில், அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர், பி.ஏ., பி.எட்., ஆற்றிய உரை)

 

அன்றாட வாழ்வை நம்பிக்கையோடு நோக்குவது எப்படி என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் நம்மைப் பணித்தனர். தலைப்பைக் கண்டதும் சற்றே தயங்கினோம். சென்ற ஆண்டு நம் பள்ளிக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர் வந்திருந்தார். நல்ல குரல் வளம் உடையவர். "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று பிள்ளைகள் கையுயர்த்தி மும்முறை முழங்கினர். கூரை அதிர்ந்தது. மறுநாள் காலை வருகைப் பதிவேட்டைப் பார்த்தால் ஒன்பதாம் வகுப்பில் ஆறு பேர் இல்லை. அவசர ஆர்டர் என்று தாய்மார்கள் இரவு ஷிப்டுக்கும் போய்விட்டார்கள். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள இந்த ஆறு பேரும் வீட்டில் தங்கிவிட்டனர். பேச்சாளரை நாம் குறை கூறவில்லை. ஆயினும் "நல்லதையே நினை" என்னும் அறிவுரை, நினைப்பதற்கு நேரமே இல்லாத வீட்டுக்குள் போகும்போது அதற்கு என்ன ஆகிறது என்று யாரேனும் கேட்டாக வேண்டும் அல்லவா?

இன்னொரு காரணமும் உண்டு. நம் மக்களிடம் "மனத்தைச் சரிசெய்துகொள்" என்று சொன்னவர் பலர். வழியைச் சரிசெய்து கொடுத்தவர் சிலரே. ஆகவே, குற்றமெல்லாம் நம் மனத்தில்தான் இருக்கிறது என்னும் பொருள் வந்துவிடாமல் இதைப் பேச வேண்டும். அது நம்மால் இயலுமா என்று எண்ணிக்கொண்டிருந்தபோது பழைய மாணவர் ஒருவர் நினைவுக்கு வந்தார். அவர் நம் பள்ளி மாணவர் அல்லர். நம் பக்கத்து ஊராகிய கோயமுத்தூரில் படித்தவர். பெயர் இரட்டைமலை சீனிவாசன்.

1859-ஆம் ஆண்டு செங்கற்பட்டு மாவட்டத்தில் பிறந்த அப்பெருமகனார் இளமையில் கோவையில் கல்வி பயின்றார் என்பது நம் இளைஞர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1939-இல் அவர் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். சிறிய நூல். அதில் கோவைக் கலாசாலையைப் பற்றிய பகுதி சில வரிகளே. அங்கே பயின்ற ஏறத்தாழ 400 மாணவர்களில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் அனைவரும் பிராமணர். சாதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். தம் சாதி, குடும்பம், இருப்பிடம் ஆகியவற்றைப் பிற மாணவர் அறிந்துகொண்டால் தாழ்வாக நடத்துவார்களே என்று அந்தச் சிறுவர் அஞ்சினார். எனவே பள்ளிக்கு வெளியே எங்கேனும் நின்று படித்துக்கொண்டிருப்பார். மணியடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். மாலையில் வகுப்புக் கலைந்ததும், பிறர் தம்மை வந்து சேர்வதற்குள் விரைந்து நடந்து வீடு போய்விடுவார். மற்றப் பிள்ளைகளோடு கூடி விளையாட முடியாமற்போனதை எண்ணி அவர் வருந்தினார். எண்பது வயதை எட்டிய காலத்தில், எத்தனையோ பெரிய நிகழ்ச்சிகளுக்கு நடுவே, விளையாடாமற்போன அந்த மாலைகளையும் எழுதி வைக்கிறார் என்றால், அந்த வடு எவ்வளவு ஆழமாய் இருந்திருக்க வேண்டும்!

அவரை அப்பள்ளியில் யாரேனும் அடித்தார்கள், வைதார்கள் என்று அப்பகுதியில் இல்லை. நடந்துவிடுமோ என்ற அச்சமே அவரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. அஃது அவருடைய கற்பனை என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர் அஞ்சியதற்குத் தக்க காரணம் வெளியே இருந்தது. ஆனால் அந்தக் காரணம் அவர் உள்ளத்துக்குள்ளும் புகுந்து குடியேறிவிட்டது. பிறருடைய கண் அவருடைய தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு அவரைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. இன்றைய பேச்சில் நாம் சொல்ல வந்தது இந்தக் கண்ணைப் பற்றித்தான்.

பழைய கதை என்று எண்ணிவிடாதீர்கள். நாமே சான்று. 1982-ஆம் ஆண்டு நாம் ஏழாம் வகுப்பில் படித்தோம். ஆண்டுதோறும் ஒருநாள் ஆசிரியர் ஒரு தாளை எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வருவார். "அரிசன மாணவர்கள் எழுந்து நில்லுங்கள், உதவித்தொகைக்குப் பெயர் எழுத வேண்டும்" என்பார். அவர் கொடியவர் அல்லர். கணக்கை நன்றாகச் சொல்லிக் கொடுத்தவர். நமக்கு வர வேண்டிய பணம் வந்து சேர வேண்டும் என்ற அக்கறையோடுதான் எழுப்பினார். ஐம்பது பேரில் எட்டுப் பேர் எழுந்து நின்றோம். எழுதி முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அந்தக் கால் மணி நேரத்தின் நீளத்தை இந்த அவையில் பலர் அறிவீர்கள். மறு ஆண்டு அந்த நாள் நெருங்கியதும் நமக்கு வயிற்றுவலி வந்துவிட்டது.

அத்தோடு நின்றதா? நம் தந்தையார் சாயப்பட்டறையில் வேலை செய்தவர். முழங்கை வரை நீலம் ஏறியிருக்கும். எந்தச் சோப்புக்கும் போகாது. படிவத்தில் கையெழுத்திட அவர் ஒருநாள் பள்ளிக்கு வந்தார். உடன் படித்தவன் "யார்ரா அது?" என்று கேட்டான். "எங்க வீதிக்காரரு" என்று சொன்னோம். அவர் நான்கடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். கையெழுத்திட்டார், போகும்போது வழக்கம்போல் பத்துப் பைசாவை நம் கையில் வைத்துவிட்டுப் போனார். அதைப் பற்றி அவர் வாழ்நாளில் ஒரு சொல்லும் கேட்டதில்லை. நாமும் சொன்னதில்லை. இன்றுதான் முதன்முறையாகச் சொல்கிறோம்.

இது நம் ஒருவருடைய மனக்கோணல் அன்று என்பதற்கு ஆராய்ச்சிச் சான்று இருக்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு அறிஞர்கள் உத்தரப் பிரதேசக் கிராமப் பகுதியில் ஒரு சோதனை நடத்தினார்கள். உலக வங்கி அதனை 2004-இல் வெளியிட்டது. ஆறாம், ஏழாம் வகுப்புச் சிறுவர்கள். மேல்சாதியினர் 321 பேர், தாழ்த்தப்பட்டோர் 321 பேர். காகிதத்தில் புதிர்வழிப் படங்களைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் எத்தனை படங்களில் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். சாதி பற்றிப் பேசாமல் சோதித்தபோது இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அடுத்து, ஒவ்வொரு சிறுவனின் பெயரையும் சாதியையும் எல்லார் முன்னிலையிலும் உரக்கப் படித்துவிட்டுச் சோதித்தார்கள். தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் மதிப்பெண் சரிந்துவிட்டது. மூளை அதே மூளை. புதிர் அதே மாதிரிப் புதிர். இடையில் நடந்ததெல்லாம் ஓர் அறிவிப்பு மட்டுமே. அந்த அறிவிப்புத்தான் நம் வகுப்பில் ஆண்டுதோறும் ஆசிரியர் படித்த தாள்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் சாதி வேறுபாட்டைக் களைவது பற்றி ஆராய அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு, 2024 ஜூனில் தன் அறிக்கையை அளித்தது. வருகைப் பதிவேட்டில் மாணவரின் சாதி விவரம் இடம்பெறலாகாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. படித்தபோது 1982-ஆம் ஆண்டுத் தாள் நம் கண்முன் வந்து நின்றது. நாம் தலைமைப் பொறுப்பு ஏற்ற நாள் முதலாய் நம் பள்ளியில் உதவித்தொகைக்கு யாரும் எழுந்து நிற்பதில்லை. பெற்றோரைத் தனித்தனியே அழைத்துப் படிவத்தை முடித்துவிடுகிறோம். வேலை கூடுதல்தான், எழுத்தர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

நிற்க. சீனிவாசனாரின் கதையைப் பாதியில் விட்டுவிட்டோம். மணியடித்த பின் நுழைந்த அந்தச் சிறுவர் வளர்ந்தார். நீலகிரியில் கணக்கராகப் பணியாற்றினார். 1890-இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் யாது? 'பறையன்'. எந்தப் பெயர் பிறர் காதில் விழுந்துவிடக் கூடாது என்று கோவைத் தெருக்களில் விரைந்து நடந்தாரோ, அந்தப் பெயரையே அச்சிட்டு விற்றார். தன் இனப் பெயரைச் சொல்லித் துணிந்து முன்வராத வரையில் உரிமை கேட்க இயலாது என்பது அவர் கருத்து. மாத இதழாகத் தொடங்கி, விரைவில் வார இதழாகி, 1900 வரை அது நடந்தது. பின்னர்ச் சென்னைச் சட்டசபையில் உறுப்பினரானார். பொதுச்சாலைகளிலும் கிணறுகளிலும் அலுவலகங்களிலும் எவரும் தடையின்றிச் செல்லலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் கொண்டுவந்தார். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கரோடு நம் மக்களின் பேராளராக அமர்ந்தார்.

இளைஞர்களே, இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெயர் மாறவில்லை. அதை இழிவாகக் கருதிய ஊரும் 1893-க்குள் மாறிவிடவில்லை. மாறியது அவர் நின்ற இடம். ஊர் மாறிய பிறகு தலை நிமிரலாம் என்று காத்திருந்தால் அந்தப் பத்திரிகை இன்றுவரை வெளிவந்திராது. அதேபோல, தலை நிமிர்ந்ததே போதும் என்று அவர் இருந்திருந்தால் 1924-ஆம் ஆண்டுத் தீர்மானமும் வந்திராது. பார்வையை மாற்றிக்கொண்டது, கேட்பதற்கு ஓர் ஆளை உண்டாக்கிற்று. நாம் விரும்பும் நம்பிக்கை அந்த வகையைச் சேர்ந்தது. "எல்லாம் நன்றாகவே இருக்கிறது" என்று கண்ணை மூடிக்கொள்ளும் நம்பிக்கை நமக்கு வேண்டியதில்லை.

1942 ஜூலையில் நாகபுரியில் கூடிய தாழ்த்தப்பட்டோர் மகளிர் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பேசினார். பல்லாயிரவர் கூடியிருந்த அவையில் அவர் தாய்மார்களுக்குச் சொன்னவை மிக எளிய செய்திகள்: தூய்மையாய் இருங்கள், பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், அவர்கள் உள்ளத்திலிருந்து தாழ்வு மனப்பான்மையை அகற்றி, பெரியவர்களாக வருவோம் என்ற எண்ணத்தை ஊட்டுங்கள், திருமணத்துக்கு அவசரப்படாதீர்கள். சட்டமும் பொருளாதாரமும் கரைத்துக் குடித்த அம்மேதை அடுப்படிப் பேச்சு வரைக்கும் ஏன் இறங்கி வந்தார்? பிள்ளைக்குத் தன்னைப் பற்றிய முதல் கருத்து அடுப்படியில்தான் கிடைக்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

நம் அடுப்படிகளில் இன்று என்ன பேசப்படுகிறது? "நம்ம பொழப்பு இவ்வளவுதான்." "நமக்கெல்லாம் அது ஆகுங்களா?" "என்ன படிச்சு என்ன ஆகப் போகுது?" நாளொன்றுக்குப் பத்து முறை இச்சொற்களைக் கேட்கும் குழந்தைக்கு வேறு எதிரி வேண்டுமா?

இளைஞர்கள் நம்மிடம் வாதாடுவதுண்டு. "சார், பிளஸ் டூ முடிச்சுட்டு மூணு வருசம் காலேஜ் போறதுக்குள்ள, ஓவர்லாக் பழகிட்டா சனிக்கிழமை சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்துருது. படிச்சவனும் கடைசியில இங்கதானுங்க வர்றான்" என்கிறார்கள். இது மூடத்தனமான வாதம் அன்று. வீட்டு வாடகையும் வாரக் கந்தும் தெரிந்தவனின் வாதம். ஓவர்லாக்கிலும் பேட்லாக்கிலும் கை படிந்தவன் ஒரு கலைஞனே. அத்தொழிலை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. ஆனால் 2011 ஜனவரியில் நொய்யலாற்று மாசு வழக்கில் உயர்நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது நம் வீதிகள் எப்படி இருந்தன என்பதை நினைத்துப் பாருங்கள். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கை நினைத்துப் பாருங்கள். இரு முறையும், வேறொரு கதவைத் தட்டக்கூடிய ஒருவராவது இருந்த வீடு தப்பிப் பிழைத்தது. நால்வரும் ஒரே கம்பெனியை நம்பியிருந்த வீடு கடனில் விழுந்தது. "இங்கதான் வர்றான்" என்பது கணக்குப்படி சரியாக இருக்கலாம். "இங்கு மட்டும்தான் வர முடியும்" என்று முடிவு கட்டுவது கணக்கு அன்று. அது அந்தக் கண்.

நம் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் முப்பது ஆண்டுகள் நின்றவர். ஆயிரம் பீஸ் ஓடினாலும் விட்டுப்போன ஒரு தையல் அவர் கண்ணுக்குத் தப்பாது. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர் 127 நாட்கள் வேலை நிறுத்தம் செய்தனரே, அப்போது அவரும் வெளியே நின்றார். வீட்டில் அரிசி இல்லை. நமக்குப் பதினான்கு வயது. "இதெல்லாம் எதற்கு? நமக்கெங்கே கிடைக்கப் போகிறது?" என்று சினந்து கேட்டோம். அவர் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "ஓட்ட தெரிஞ்சாத்தான் கண்ணு தைக்க முடியும். ஆனா ஓட்டையவே பாத்துட்டு நின்னா பண்டல் நகராது" என்றார்.

செக்கிங் மேசையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குறையுள்ள பீஸைக் கண்டால் ஸ்டிக்கர் ஒட்டி ஆல்ட்ரேஷனுக்கு அனுப்புவார்கள். தூக்கி எறிந்துவிட மாட்டார்கள். குறையில்லை என்று பொய் சொல்லவும் மாட்டார்கள். நாமோ நம் வாழ்க்கையைப் பார்க்கும்போது ஒன்று குறையை மறைக்கிறோம், அல்லது துணியையே வேண்டாம் என்கிறோம். அந்த 127 நாட்களும் வெளியே நின்றவர்கள் வாழ்வை வெறுத்தவர்கள் அல்லர். வெறுத்தவன் அவ்வளவு நாள் நிற்க மாட்டான். இரண்டாம் வாரமே கள்ளுக்கடைக்குப் போயிருப்பான். இந்த அவையில் இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். இன்று நம் பிள்ளைகளின் நம்பிக்கையை அதிகம் குடிப்பது டாஸ்மாக்கே என்பதைத் தலைமையாசிரியர் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

இறுதியாக ஒரு மாணவனைப் பற்றிச் சொல்லி அமைகிறோம். பெயர் வேண்டாம், அவன் உறவினர் இந்த அவையில் இருக்கக்கூடும். நான்கு ஆண்டுகளுக்கு முன் அவன் ஒன்பதாம் வகுப்பில் படித்தான். நாள்தோறும் நேரங்கழித்து வருவான். ஒருநாள் காலை நாம் வெளிப்புறமாகச் சுற்றி வந்தபோது, மதிற்சுவருக்கு அப்பால் வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு நின்றுகொண்டிருந்தான். எட்டரை மணிக்கே வந்துவிட்டவன் மணியடிக்கும் வரை அங்கேயே நிற்கிறான்! உள்ளம் ஒரு கணம் நின்றுவிட்டது. அழைத்து விசாரித்தோம். முதலில் வாய் திறக்கவில்லை. பின்னர் மெல்லச் சொன்னான்: எந்த ஸ்டாப்பில் பஸ் ஏறுகிறாய், எந்த வீதி என்று பையன்கள் கேட்கிறார்களாம்.

அன்று மாலை அவனை உட்கார வைத்துக் கோவையில் படித்த அந்த மாணவரின் கதையைச் சொன்னோம். முழுதும் கேட்டுவிட்டு அவன் கேட்ட கேள்வி ஒன்றே: "கடைசியில அவரு மணியடிக்கறதுக்கு முன்னாடி உள்ள போனாருங்களா சார்?" நமக்கு விடை தெரியவில்லை, நூலில் அது இல்லை. "நீ போய்ப் பார்" என்று மட்டும் சொன்னோம்.

வகுப்பாசிரியரை அழைத்துப் பேசினோம். வீதி விசாரித்த பையன்களையும் அழைத்துப் பேசினோம். அதை முதலில் செய்தோம். அதைச் செய்யாமல் அவனிடம் மட்டும் துணிவை எதிர்பார்ப்பது அறமன்று. அதன் பிறகு, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நாளிதழ்ச் செய்தி வாசிக்கும் பொறுப்பை அவனுக்குக் கொடுத்தோம். அதற்கு எட்டரைக்கே உள்ளே வந்து செய்தியைத் தேர்ந்தெடுத்து எழுத வேண்டும். முதல் நாள் மூன்றாம் வரியில் குரல் அடைத்துவிட்டது. மீதியை உதவித் தலைமையாசிரியர் வாசித்தார். இரண்டாம் வாரம் ஒருநாள் வரவே இல்லை. ஐந்தாம் வாரத்தில் முழுதும் வாசித்தான், பிழையோடு வாசித்தான், யாரும் சிரிக்கவில்லை. பத்தாம் வகுப்பில் தேறி, மேல்நிலைப் பள்ளிக்குப் போய், இவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்திருக்கிறான். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டோம். தன் வீதிப் பெயரை அவன் இன்றும் எல்லாரிடமும் சொல்வதில்லை. சொல் என்று நாமும் வற்புறுத்தவில்லை. அது அவன் நேரம் பார்த்துச் செய்ய வேண்டியது. ஆனால் இச்சங்கத்தின் மாலை வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாரம் இருமுறை ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறான்.

அந்த வகுப்புக்கு இன்னும் இரண்டு பேர் தேவைப்படுகிறார்கள். கணக்குக்கு ஒருவர், அறிவியலுக்கு ஒருவர். கல்லூரி முடித்தவர்தாம் வேண்டும் என்பதில்லை; பிளஸ் டூ போதும். கம்பெனி வேலை முடிந்து எட்டு மணிக்கு வந்தாலும் சரி. பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் மேடைக்கு இடப்புறம் உள்ள மேசைக்கு வரலாம். நோட்டுப் புத்தகத்தோடு நாம் அங்கே அமர்ந்திருப்போம்.